துருத்தி ஊதக்கூட ஆள் கிடையாது: மலைவழித் தற்சார்பு சைக்கிள் பந்தயத்துக்குத் தயாராவது

1913ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயம். யூஜின் கிறிஸ்தோஃப் என்பவர் பைரனீஸ் மலையில் டூர்மாலே கணவாயிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முறிந்துவிட்டது. அந்தக் காலத்து விதிப்படி சைக்கிளை மாற்றக் கூடாது, வேறு யாரும் சரிசெய்து தரவும் கூடாது. மனிதர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் நடந்தே அடிவாரத்துக்குப் போய், ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்து, மணிக்கணக்கில் தன் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கை ஒட்டவைத்தார். பந்தய அதிகாரிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவருக்குப் பத்து நிமிடம் அபராதம் போட்டார்கள். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் பட்டறையிலிருந்த ஒரு பையனைத் துருத்தி ஊதச் சொல்லிவிட்டாராம், அதுதான் குற்றம். பிறகு பெரிய மனது வைத்து மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள்.

டூர் டி பிரான்ஸ் இப்போது எவ்வளவோ மாறிவிட்டது. பின்னாலேயே கார் வரும், டயர் வெடித்தால் அரை நிமிடத்தில் புதுச் சக்கரம் வரும், ஓட்டுபவர் மிதிப்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஆனால் அந்தப் பழைய விதியை விடாமல் பிடித்துக்கொண்டு வேறொரு வகைப் பந்தயம் இன்றைக்கு வளர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதை செல்ஃப் சப்போர்ட்டட் என்கிறார்கள், நாம் தற்சார்பு என்று வைத்துக்கொள்வோம். பைகளை சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, இரவில் கிடைத்த இடத்தில் தூங்கி, கிடைத்ததைத் தின்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைத் தனியாகக் கடப்பது. கனடாவின் பான்ஃபில் தொடங்கி அமெரிக்க–மெக்சிகோ எல்லைவரை ராக்கி மலைகளின் ஊடாகப் போகும் டூர் டிவைட் 2008 முதல் நடக்கிறது. தூரம் ஏறத்தாழ 4,400 கி.மீ., நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. ஐரோப்பாவைக் கடக்கும் டிரான்ஸ்கான்டினென்டல் 2013இல் வந்தது. நான் இங்கே எடுத்துக்கொள்ளப்போவது கிர்கிஸ்தானில் 2018 முதல் நடக்கும் சில்க் ரோடு மவுண்டன் ரேஸ். மலை என்றால் என்ன, தற்சார்பு என்றால் என்ன என்று இரண்டையும் ஒரே இடத்தில் புரியவைக்கிற பந்தயம் அது.

முதலில் விதியைப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாத் தயாரிப்பும் அதிலிருந்துதான் வருகிறது. 'யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது' என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. கடையில் சாப்பாடு வாங்கலாம், விடுதியில் அறை எடுக்கலாம், ஊரில் மெக்கானிக் இருந்தால் காசு கொடுத்து வேலை வாங்கலாம். பந்தயத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதே உதவி அதே மாதிரி கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கடை எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆகவே சரி. உங்கள் மைத்துனர் அந்த ஊரில் வேலை பார்க்கிறார், சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு வந்து ரோட்டில் நிற்கிறார் என்றால் அது கூடாது. இன்னொரு போட்டியாளரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்து ஓட்டுவதும் கூடாது. சைக்கிள் உடைந்து ஊருக்கு வண்டி பிடித்துப் போக வேண்டி வந்தால், சரிசெய்துவிட்டு விட்ட இடத்துக்கே திரும்பி வந்து அங்கிருந்து தொடர வேண்டும். முன்னால் நகரும் ஒவ்வொரு மீட்டரும் உங்கள் சொந்தக் காலில்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கிர்கிஸ்தானில் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே நூறு கி.மீ.க்கும் மேல் போகலாம், நடுவில் செல்போன் சிக்னல் இல்லை, இரண்டு கணவாய்கள் இருக்கின்றன என்று வரும்போது அந்த எளிய விதி உங்கள் பையில் என்ன இருக்க வேண்டும், தலையில் என்ன இருக்க வேண்டும் என்று இரண்டையும் தீர்மானித்துவிடுகிறது.

சரி, கணக்கைப் பார்ப்போம். வழி ஆண்டுக்கு ஆண்டு மாறும், பெரும்பாலும் 1,700 முதல் 1,900 கி.மீ. ஏற்றம் எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 25,000 முதல் 30,000 மீட்டர். இரண்டு வாரத்தில் முடிப்பதாக வைத்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 135 கி.மீ., கூடவே 1,900 மீட்டர் ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை சைக்கிளில் ஏறியவர்களுக்கு அந்த 1,900 மீட்டர் என்னவென்று தொடை தசை சொல்லும். அதைத் தினமும், பதினான்கு நாள், சரளைக்கல்லிலும் சோவியத் காலத்துப் பழைய பாதைகளிலும் செய்ய வேண்டும், தார் ரோடு கொஞ்சம்தான்.

அப்புறம் இன்னொரு கணக்கு, இதைத்தான் புதியவர்கள் போடுவதே இல்லை. இந்தப் பாதையில் சாமான்களோடு மணிக்குப் பத்து கி.மீ. சராசரி என்பது மோசமில்லை. 135 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம். தூக்கம் ஆறு மணி நேரம் என்றால் மீதி நாலரை மணி நேரத்துக்குள் சமையல், சாப்பாடு, கடை, பஞ்சர், தண்ணீர் பிடிப்பது, சட்டை மாற்றுவது, படுக்கையை விரிப்பது, மறுபடி சுருட்டுவது, கையுறையைத் தேடுவது எல்லாம் நடந்தாக வேண்டும். வேகத்தை மணிக்கு ஒரு கி.மீ. கூட்டினால் நாளுக்கு ஒன்றேகால் மணி நேரம் மிச்சம், அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும். அதே ஒன்றேகால் மணி நேரத்தைக் கடை வாசலில் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் இருந்தாலும் மிச்சம் பிடிக்கலாம். இந்தப் பந்தயம் ஓட்டும்போது கைவிட்டுப் போவதைவிட நிற்கும்போதுதான் அதிகம் கைவிட்டுப் போகிறது என்பது என் கட்சி. தயாரிப்பு என்றாலே காலைத் தயார்செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தால் பாதி வேலையை விட்டுவிட்டீர்கள்.

காலுக்கான பயிற்சியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆடாக்ஸ் பாணி பிரெவே சவாரிகள், அதாவது நீண்ட தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கும் சவாரிகள், நம் ஊர்களிலும் நடக்கின்றன: 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம் என்று கெடு. ஒரே பருவத்தில் இந்த நான்கையும் முடித்தவர் மலைப் பந்தயத்தைப் பற்றி யோசிக்கலாம். இரவில் ஓட்டுவது, பசி வருவதற்கு முன் சாப்பிடுவது, இரண்டாம் நாள் காலையில் மறுபடி சீட்டில் உட்கார்வது என்று பாடம் நிறைய அதில் இருக்கிறது. அடுத்தது, அடுத்தடுத்த நாள் நீண்ட சவாரி. சனிக்கிழமை 120, ஞாயிறு 120, முழுச் சாமானோடு, மலையில். வெறும் சைக்கிளில் 200 கி.மீ. போவதைவிட இது பயன்படும். இன்னொன்று, சைக்கிளைத் தள்ளிப் பழகுங்கள். சிரிக்காதீர்கள். கல்லும் சேறும் செங்குத்துமாக இருக்கும் இடங்களில் இருபது கிலோ சைக்கிளை மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும், அப்போது வலிப்பது குதிகால் தசைநாரும் தோளும்தான், மிதித்துப் பழகிய தொடை இல்லை. மொட்டை மாடிப் படிக்கட்டில் சாமான் கட்டிய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்துத் தடவை ஏறி இறங்கிப் பாருங்கள், அக்கம்பக்கத்தார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

உயரத்தைப் பற்றி நாம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். தென்னிந்தியாவில் எங்கே ஏறினாலும் ஆனைமுடியின் 2,695 மீட்டருக்கு மேல் இடம் இல்லை. 2018இல் நடந்த முதல் பந்தயம் பிஷ்கெக்கிலிருந்து, அதாவது ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பி, எடுத்த எடுப்பிலேயே 3,780 மீட்டர் உயரமுள்ள கெகெட்டி கணவாயில் ஏறியது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்குத்தான் ஆக்சிஜன். நன்றாகப் பயிற்சி செய்தவருக்கு மலைநோய் வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தவறு. மராத்தான் ஓடுபவருக்கும் வரும், தொந்தி வைத்தவருக்கு வராமலும் போகும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், பந்தயத்தை மறந்துவிட்டு உடனே கீழே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தப்பிக்க நல்ல வழி, பந்தயத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே போய் மலையில் தங்குவது. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போய்விட்டால், தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 300 முதல் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 3,016 மீட்டரில் இருக்கும் சோங்குல் ஏரிக்கரையில் இரண்டு இரவு யூர்ட் கூடாரத்தில் தங்கினால் உடம்புக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது.

இனி குளிர். ஆகஸ்டில் நடக்கிற பந்தயம்தானே, கோடைதானே என்று தோன்றும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். கீழே பள்ளத்தாக்கில் 32 டிகிரியில் வெந்துகொண்டு கிளம்பியவர் சாயங்காலம் கணவாய் உச்சியில் ஆலங்கட்டி மழையில் நிற்பார், இரவில் தண்ணீர் பாட்டில் உறைந்துபோகும், ஆகஸ்டிலும் பனி விழும். ஏறும்போது குளிராது, அதுதான் சிக்கல். வியர்வையில் பனியன் நனைந்திருக்கும், உச்சியைத் தொட்டதும் மிதிக்கும் வேலை நின்றுவிடும், இருபது கி.மீ. இறக்கம், எதிர்க்காற்று, ஐந்தே நிமிடத்தில் விரல் மரத்து பிரேக்கைப் பிடிக்க முடியாது. ஆகவே இறங்கத் தொடங்கும் முன் நிற்க வேண்டும். ஈரத்தைக் கழற்றி, உலர்ந்த பனியன், மேலே இறகு ஜாக்கெட், அதற்கும் மேல் மழைக்கோட்டு, தடித்த கையுறை. இந்த ஐந்து நிமிடத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஸ்லீப்பிங் பேக் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு டிசம்பரில் கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர் பக்கம், தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் ஒத்திகை பார்க்கலாம் என்று போய்ப் படுத்தேன். பையின் மேல் '5 டிகிரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அன்றைக்குக் குளிர் ஏழு எட்டு டிகிரி இருக்கும். இரவு இரண்டு மணிக்கு இருந்த துணி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு, பல் கிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் பையின் உள்பக்கம் இருந்த சின்னச் சீட்டைப் பார்த்தால் இரண்டு எண்கள். ஒன்று சுகமாகத் தூங்கக்கூடிய வெப்பம், இன்னொன்று சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை. விற்பவர்கள் கொட்டை எழுத்தில் போடுவது இரண்டாவது எண்ணை. நாம் பார்க்க வேண்டியது முதலாவதை, நம்மைப் போன்ற சூட்டில் வளர்ந்த உடம்புக்காரர்கள் அதற்கும் கீழே இன்னும் சில டிகிரி சேர்த்துக்கொள்ளலாம். இன்னொன்றும் அன்றைக்குப் புரிந்தது: குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் வருகிறது, பாயில் காசு மிச்சம் பிடித்தால் பையில் கொட்டிய காசும் வீண். கூடாரமா, உடம்பை மட்டும் மூடும் பிவி உறையா என்று முடிவில்லாத ஒரு சண்டை இருக்கிறது. எடை குறைவு என்று பிவி உறையோடு போகிறவர்கள் உண்டு. முதல் தடவை போகிறவர் சின்னக் கூடாரம் கொண்டுபோகட்டும், ஈரத் துணியை மாற்ற ஒரு கூரை இருப்பது எத்தனை பெரிய வசதி என்பது மழையில் தெரியும்.

பைகளை சைக்கிளில் கட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கனமானவை, அதாவது கருவிகள், சாப்பாடு, பவர் பேங்க், எல்லாம் ஃபிரேமுக்கு நடுவில் இருக்கும் முக்கோணப் பையில். படுக்கை ஹேண்டில்பாரில் சுருட்டி. துணி சீட்டுக்குப் பின்னால். மழைக்கோட்டும் கையுறையும் எதையும் அவிழ்க்காமல் எடுக்கிற இடத்தில். எந்தப் பொருள் எந்தப் பையில் என்பது ஒருநாளும் மாறக் கூடாது, ஏனென்றால் நான்காம் நாள் இரவு மூளை வேலை செய்யாது, கைதான் தேடும். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு டியூபையும் டயர் நெம்பியையும் எடுத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் மறுபடி அடுக்குங்கள்.

சைக்கிள் என்று வந்தால் புதியவர்கள் எடையைத்தான் கேட்பார்கள். கியரைக் கேளுங்கள் என்பேன். சாமானோடு, மெல்லிய காற்றில், பதினைந்து சதவீத ஏற்றத்தில் உட்கார்ந்தபடியே மிதிக்க வேண்டும் என்றால் முன் பல்சக்கரத்தில் 30 அல்லது 32 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 50 பல்லுக்கு மேல் இருக்கிற மவுண்டன் பைக் கியர் வேண்டும். ரோட்டு சைக்கிள் கியரோடு போனால் முட்டி போய்விடும். டயர் 2.2 அங்குலத்துக்குக் குறையாமல், டியூப் இல்லாமல் உள்ளே சீலன்ட் திரவம் ஊற்றியது. முள் குத்தினால் அந்தத் திரவமே அடைத்துக்கொள்ளும். ஆனால் கூர்மையான கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்தால் சீலன்ட் கைகொடுக்காது, அதற்குத்தான் கனமான ஊசியும் நூலும். கிழிசலைத் தைத்து, உள்ளே ஒட்டுப்போட்டு, டியூபை மாட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டாயம் எடுத்துப்போக வேண்டிய இன்னொன்று, டெரெய்லர் ஹேங்கர். பின் கியரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டு அது, சைக்கிள் கீழே விழுந்தால் ஃபிரேமைக் காப்பாற்றுவதற்காகத் தான் வளைந்து உடைந்துகொள்ளும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வடிவம், கிர்கிஸ் கிராமத்தில் உங்களுடையது கிடைக்காது. இருபது கிராம் எடைதான், அது இல்லாமல் பந்தயம் முடிந்துபோனவர்கள் உண்டு. பிரேக் பேட் இரண்டு ஜோடி, செயினை இணைக்கும் கொக்கி, ஸ்போக், நாலு பிளாஸ்டிக் கட்டுநார். இவற்றை வாங்கி வைத்தால் போதாது, ஒவ்வொன்றையும் ஒரு தடவையாவது வீட்டில் மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். கிறிஸ்தோஃப் பட்டறையில் நிற்கும்போது முதன்முதலாகச் சுத்தியலைப் பிடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மின்சாரம் தனிக் கதை. பலரும் முன்சக்கரத்தில் டைனமோ ஹப் போட்டு விளக்கும் எரிக்கிறார்கள், செல்போனும் ஏற்றுகிறார்கள். தார் ரோட்டில் அருமையாக வேலை செய்யும். மலை ஏற்றத்தில் மணிக்கு ஆறு கி.மீ. வேகத்தில் போகும்போது விளக்கு மினுக்கும், சார்ஜ் ஏறவே ஏறாது. ஆகவே பவர் பேங்க் எப்படியும் வேண்டும், தலையில் மாட்டும் விளக்கும் வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால் இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். கூடவே தண்ணீர் வடிகட்டியும் உள்ளே வர வேண்டும். மலை ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் மேலே எங்கோ ஆயிரம் ஆடும் குதிரையும் மேய்கின்றன, வடிகட்டாமல் குடித்தால் வயிறு பேசும். அந்த வடிகட்டிக்குள் மெல்லிய குழல்கள் இருக்கின்றன, ஒரு தடவை உறைந்தால் அவை விரிசல் விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வரும், கிருமியும் வரும்.

ஓடை என்றதும் ஆறும் ஞாபகம் வருகிறது. பனிமலையிலிருந்து வரும், பாலம் இல்லாத ஆறுகளைக் கடக்க வேண்டியிருக்கும். பகல் வெயிலில் பனி உருகி மாலையில் நீர் ஏறும், இரவில் உறைந்து அதிகாலையில் குறையும். சாயங்காலம் இடுப்பளவு இழுத்துக்கொண்டு ஓடுகிற ஆறு விடிகாலையில் முழங்காலளவு இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் கரையிலேயே படுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் கடப்பதுதான் புத்திசாலித்தனம். பந்தயத்தில் நேரம் போகிறதே என்று அந்த நேரத்தில் யாரும் கவலைப்படக் கூடாது.

சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு நாள் முழுக்க இப்படி ஓட்டினால் உடம்பு 6,000 முதல் 8,000 கலோரி, சிலருக்கு அதற்கும் மேலே எரிக்கும். ஆனால் ஓட்டிக்கொண்டிருக்கும்போது குடல் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்தைத்தான் தாங்கும், அதாவது 240 முதல் 360 கலோரி. கடன் ஏறிக்கொண்டேதான் போகும், அதை மெதுவாக ஏறவிடுவதுதான் வேலை. பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம், மணிக்கொரு தடவை வாயில் ஏதாவது போக வேண்டும். கிராமத்துக் கடையை அங்கே மகஸின் என்பார்கள். சாக்லேட், பிஸ்கட், உருண்டை ரொட்டி, நூடுல்ஸ், பழச்சாறு, சில இடங்களில் சமோசாவின் மூதாதை மாதிரி இருக்கும் சம்சா, உள்ளே பெரும்பாலும் இறைச்சி. சைவக்காரர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டம்தான். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் பிழைத்தீர்கள். குருத் என்று தயிரைக் காயவைத்து உப்புப் போட்டு உருட்டிய உருண்டை கிடைக்கும், மோர் மிளகாயின் தூரத்து உறவு போல இருக்கும், வியர்த்துக் கொட்டும் நாளில் அமிர்தம். யூர்ட்டில் அன்போடு குதிரைப் பாலைப் புளிக்கவைத்த குமிஸ் தருவார்கள், பழகாத வயிறு என்றால் ஒரு வாய் மரியாதைக்கு, அவ்வளவுதான். வீட்டிலிருந்து கொண்டுபோகும் கடலைமிட்டாயும் சத்துமாவும் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். ஆகவே பயிற்சிச் சவாரியிலேயே பெட்டிக்கடையில் கிடைப்பதை மட்டும் தின்று ஓட்டிப் பழகுங்கள், குடலுக்கும் பயிற்சி வேண்டும். காசு நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், மலைக் கிராமத்தில் கார்டு தேய்க்க இயந்திரம் இருக்காது.

தூக்கத்தில்தான் புதியவர்கள் வீரம் காட்டிக் கெடுகிறார்கள். முன்வரிசைக்காரர்கள் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கி ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நாமும் அப்படியே செய்யலாம் என்று தோன்றும். 2016இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் டிரான்ஸ் ஆம் பந்தயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஏறத்தாழ பதினெட்டு நாள் ஓட்டி முடிக்கப்போகும் கடைசிக் கட்டம். முன்னால் போய்க்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் தூங்கி எழுந்து, குழம்பிப்போய், வந்த வழியிலேயே திரும்பி ஓட்ட ஆரம்பித்துவிட்டார். எதிரே இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவர் லேல் வில்காக்ஸ் என்ற பெண். அவர்தான் அந்தப் பந்தயத்தில் ஆண்கள் பெண்கள் எல்லோருக்கும் முதலாவதாக முடித்தார். தூக்கம் போனால் வேகம் போவதற்கு முன் புத்தி போகும். அதிலும் மலைப்பாதை என்றால் ஒரு பக்கம் பள்ளம். முதல் பந்தயத்துக்கு இரவில் ஐந்து ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், கண் சொருகினால் பகலில் பதினைந்து நிமிடம் பாறை நிழலில் சாய்ந்துகொள்ளுங்கள். கணவாய் உச்சியில் தூங்குவதைவிட இறங்கிவந்து தூங்குவது உடம்புக்கும் குளிருக்கும் நல்லது.

உடம்பில் முதலில் கோளாறு செய்வது காலோ நுரையீரலோ இல்லை, உட்காரும் இடமும் கையும்தான். அழுக்கும் ஈரமும் உராய்வும் சேர்ந்தால் சீட் படும் இடத்தில் கொப்புளம் வரும், கட்டியாகும், அப்புறம் நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். தினமும் துடைத்து உலர்த்துவது, இரண்டு கால்சட்டைகளை மாற்றி மாற்றி அலசிப் போடுவது, களிம்பு தடவுவது, தூங்கும்போது கால்சட்டையைக் கழற்றிவிட்டுத் தளர்ந்த உடையில் படுப்பது, இவ்வளவுதான் வைத்தியம். உள்ளங்கை நரம்பு நாள்கணக்கில் அழுந்தினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும், சிலருக்குப் பந்தயம் முடிந்து வாரக்கணக்கில் சட்டைப் பொத்தான் போட முடியாது. ஹேண்டில்பாரை உயர்த்தி வைப்பது, பிடியை அடிக்கடி மாற்றுவது உதவும். புதுச் சீட்டு, புதுச் செருப்பு என்று எதையும் பந்தயத்துக்காக வாங்கிக்கொண்டு போகாதீர்கள், பழகியதுதான் வேண்டும்.

ஆட்டு மந்தை நாய்கள் பெரிய உருவத்தில் குரைத்துக்கொண்டு வரும். வேகமாக ஓட்டித் தப்பிக்க நினைக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கல்லை எடுக்கக் குனிகிற பாவனை அங்கேயும் பலிக்கும்.

ஒவ்வொருவரிடமும் செயற்கைக்கோள் டிராக்கர் இருக்கும். நீங்கள் இருக்கும் இடம் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும், வீட்டில் இருப்பவர்கள் இரவெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிளம்பும் முன் அவர்களிடம் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும்: புள்ளி நகரவில்லை என்றால் ஆபத்து என்று அர்த்தமில்லை, தூங்கலாம், பள்ளத்தாக்கில் வானம் மறைந்திருக்கலாம். என் அம்மா ஒரு 400 கி.மீ. சவாரியில் நான் டீக்கடையில் நின்ற நாற்பது நிமிடத்துக்குள் மூன்று உறவினர்களை எழுப்பிவிட்டார். டிராக்கரிலேயே எஸ்ஓஎஸ் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் பந்தயம் முடிந்தது, மீட்பு தொடங்கும். ஆனால் அந்த மலையில் மீட்பு என்பது உடனே ஹெலிகாப்டர் வருவது இல்லை, பல மணி நேரம் ஆகலாம், அதுவரை உயிரோடு கதகதப்பாக இருப்பது உங்கள் பொறுப்பு. மலை மீட்பையும் சைக்கிள் பந்தயத்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிற காப்பீடுதானா என்று சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள், சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் போட்டி என்றாலே கைவிரித்துவிடுவார்கள்.

பாதியில் விலகுவதை இவர்கள் ஸ்க்ராட்ச் என்பார்கள். முதல் ஆண்டு கிர்கிஸ்தானில் தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விலகினார்கள், அவர்களில் நல்ல அனுபவசாலிகளும் உண்டு. எப்போது விலகுவது என்பதை வீட்டிலேயே, வயிறு நிறைந்திருக்கும்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: மூச்சுத்திணறல், எலும்பு முறிவு, ஓட்ட முடியாத அளவு முட்டி வலி, இப்படி. அந்தப் பட்டியலில் இல்லாத காரணத்துக்காக இரவில் முடிவெடுக்கக் கூடாது. சாப்பிட்டு, தூங்கி, விடிந்து வெயில் முதுகில் பட்ட பிறகும் விலகத் தோன்றினால் விலகலாம். விலகினாலும் தற்சார்பு உங்களை விடாது, அந்தக் கணவாயிலிருந்து பஸ் போகும் ஊருக்கு உங்களை நீங்களேதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எங்கே தொடங்குவது என்று கேட்டால், வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் தொடங்காதீர்கள். இந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இருக்கிற சைக்கிளில், இருக்கிற போர்வையையும் ஒரு தார்ப்பாயையும் கட்டிக்கொண்டு, மதியத்துக்கு மேல் கிளம்புங்கள். அறுபது எழுபது கி.மீ. தள்ளி, கொஞ்சம் மேடான ஊரில், தெரிந்தவர் தோட்டமோ கோயில் மண்டபமோ கேட்டுப் படுங்கள். வழியில் கடையில் கிடைத்ததைச் சாப்பிடுங்கள், வீட்டுக்கு போன் செய்து எதையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். காலையில் இருட்டோடு எழுந்து மூட்டை கட்டத் தொடங்கியதிலிருந்து பெடலில் கால் வைக்கும்வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். எனக்கு முதல் தடவை ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது, அதில் இருபது நிமிடம் ஒரு காலுறையைத் தேடினேன்.